கடைக்காரர் அடித்த காசு

களமருதூர்க் கடையில் ஒரு ரூபாய்ச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தால் எனக்குக் கோபமில்லை. அதில் கடைக்காரர் பெயர் இல்லையே என்ற குறைதான்.

இங்கிலாந்தில் 1648 முதல் 1672 வரை மளிகைக்காரரும் மதுக்கடைக்காரரும் செப்பு வில்லை அடித்துச் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்கள். விரல்நகம் அளவுதான். அதற்குள் பெயர், ஊர், தொழிலுக்கு ஒரு சின்னம். பலவற்றில் மூன்று எழுத்துகள்: மேலே குடும்பப் பெயருக்கு ஒன்று, கீழே கணவனுக்கும் மனைவிக்கும் ஒவ்வொன்று. கல்லாவில் அவளுக்கும் பங்கு உண்டு என்று ஊரறியச் சொல்லும் காசு! எந்த ராஜா தலையும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. 1672-ல் இரண்டாம் சார்ல்ஸ் அரசுச் செப்புக்காசு வெளியிட்டார். கடைக்காரர் வில்லைகளுக்குத் தடை வந்தது.

இந்த வில்லைகளுக்கு உறவு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையிலும் இருந்தது. கொழும்புக் காப்பி ஆலைகளில் கொட்டை பொறுக்கிய பெண்களுக்கு, முடித்த வேலைக்கு அடையாளமாக வில்லை கொடுத்தார்கள். பின்னால் அதைக் காட்டிக் கூலி வாங்க வேண்டும். வில்லையில் கம்பெனி பெயர் இருக்கும், சிலவற்றில் அழகான காப்பிச் செடியும். பொறுக்கியவளுக்கு ஓரெழுத்தும் கிடையாது. 1869-ல் இலைத்துரு நோய் தாக்கியது. காப்பித் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, வில்லைகள் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன.