தனி மனிதனும் பொதுச் சாக்கடையும்

இப்ஸன் 1882ல் எழுதிய 'மக்கள் விரோதி' நாடகத்தில், மேட்டிலுள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஊர்க் குளியல் நிலையத்துத் தண்ணீரில் கலக்கிறது. டாக்டர் ஸ்டாக்மன் உண்மையைச் சொல்கிறார். குழாய்களை மாற்றச் செலவாகுமே என்று ஊர் அவரையே விரோதியாக்கிவிடுகிறது. தனித்து நிற்பதே பலம் என்று அவர் முடிவு கட்டும்போது நாமும் கை தட்டுகிறோம்.

ஆனால் தண்ணீர் அழுக்காகவேதான் இருக்கிறது. நாடகத்தின் பலவீனம் இதுதான் என்பது என் கட்சி. கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியின் சாக்கடை நிர்வாகமும் குடிநீர் நிர்வாகமும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, 2008 முதல் கழிவு நீரைச் சுத்தம் செய்து நிலத்தடியில் சேமிக்கின்றன. 2023ல் அதன் திறன் தினம் 13 கோடி காலனாயிற்று. சுற்றுவட்டார ஊர்களின் கிணறுகள் அதைத்தான் இறைக்கின்றன.

உண்மையைச் சொல்ல ஒருவன் போதும். சாக்கடையைத் தெளியவைக்க அடுத்த ஊர்க்காரனோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அந்தச் சலிப்பூட்டும் வேலையில் ஸ்டாக்மனுக்கு அக்கறை இல்லை, இப்ஸனுக்கும் இல்லை.