மரியாதை வழக்கும் பட அட்டையும்: பெங்களூர்த் தமிழ்ச் சிறார் கல்வியை முன்னிட்டு ஒரு மதிப்பீடு

தொடக்க வகுப்புகளில் மரியாதைச் சொற்களைக் கற்பிக்கப் பட அட்டை ஏற்ற கருவி எனக் கருதப்படுகிறது. முதியவர் படத்தின்கீழ் ‘நீங்கள்’ என்றும் சிறுவன் படத்தின்கீழ் ‘நீ’ என்றும் எழுதிக் காட்டுவது எளிது. ஆயினும் இம்முறை மரியாதையின் இயல்பைப் பிறழ உணர்த்துகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மரியாதை என்பது பேசுவோர்க்கும் பேசப்படுவோர்க்கும் இடையிலான உறவைப் பொறுத்தது. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் வழங்கும் சுண்டா மொழி இதற்குச் சான்று. அம்மொழியில் உண்ணுதலைக் குறிக்க நெருங்கியோரிடையே ‘டஹார்’ என்பர். பணிவான பேச்சில் தாம் உண்பதை ‘நெடா’ என்றும், மதிப்பிற்குரியவர் உண்பதைத் ‘துவாங்’ என்றும் கூறுவர். ஒருவர் உண்ணும் படத்தை மட்டும் காட்டினால் எச்சொல் பொருந்தும் எனக் கூற இயலாது. யார், யாரிடம், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் தெரிதல் வேண்டும்.

தமிழில் மரியாதை பதிலிடு பெயரிலும் வினைமுற்றிலும் வெளிப்படுகிறது. ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கினால் வந்த உயர்சொல் எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வேறுபடுத்துகிறது. படம் எண்ணிக்கையை நன்கு காட்டும். உயர்வைத் தானாகக் காட்டாது.

கன்னடச் சூழலில் வளரும் பெங்களூர்த் தமிழ்ச் சிறார்க்கு இது மேலும் சிக்கலாகிறது. பேச்சுத் தமிழில் ‘அவரு’ பெரும்பாலும் ஆணையே சுட்டும். பெண்ணுக்கு ‘அவங்க’ வரும். வீட்டில் ‘டீச்சர் வந்தாங்க’ என்று கேட்ட பிள்ளைக்கு, பெண்ணின் படத்தின்கீழ் உள்ள ‘ஆசிரியர் வந்தார்’ என்னும் தொடர் புதிதாகத் தோன்றும். கன்னடத்திலோ ‘அவரு பந்தரு’ என்பது இருபாலுக்கும் உரியது. கன்னடத்தைத் தடையாக மட்டும் காண்போர் இத்துணையை இழக்கின்றனர். எனினும் அத்தொடர் பலரையும் குறிப்பதால், ‘அவர்’, ‘அவர்கள்’ வேறுபாட்டைத் தனியே கற்பிக்க வேண்டும். ஓர் ஆசிரியரையும் பல ஆசிரியர்களையும் காட்டும் படங்கள் இங்கே உண்மையாகவே பயன்படும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மருத்துவர் படத்துக்கு ‘அவர்’ என்றும், துப்புரவுப் பணியாளர் படத்துக்கு ‘அவன்’ என்றும் எழுதினால், இலக்கணத்தின் பெயரால் ஏற்றத்தாழ்வையே கற்பித்தவராவோம். குழந்தை அதனை மொழிவிதி என்றே ஏற்றுக்கொள்ளும்.

ஆதலின் ஒவ்வோர் அட்டையிலும் இருவர் இடம்பெற வேண்டும்; பேச்சு செல்லும் திசையை அம்புக்குறி காட்ட வேண்டும். ஒரே பெண்ணைத் தாய் ‘நீ’ எனவும், மாணவர் ‘நீங்கள்’ எனவும் விளிப்பதை அடுத்தடுத்துக் காட்டலாம். பல வீடுகளில் மகன் அவளை ‘நீ’ என்றே அழைப்பான் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆங்கில முன்னிலைப் பெயரைத் தமிழாக்குவோர் எழுப்பும் வினாவும் இதுவே: பேசுபவர் யார், கேட்பவர் யார்? அவ்வினாவை எழுப்பப் பழக்கும் அட்டையே சிறந்த கருவியாகும்.