பூங்காவுக்குள் வராத மழை

தெருவில் ஓடும் மழைநீரைப் பூங்காவுக்குள் திருப்பி, தாழ்வான திடலில் தேக்கி, மண்ணில் இறங்கவிடுவது: சென்னை மாநகராட்சி ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ என்ற பெயரில் செய்துவருவது இதுதான். யோசனை நல்லது. சிமென்ட் வடிகால் வெள்ளத்தை அடுத்த தெருவின் தலையில் கட்டிவிடும்; பள்ளமான பூங்கா அதைத் தாங்கிக்கொள்ளும். குடிக்க ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தையும் காவிரியையும் எதிர்பார்க்கும் திண்டுக்கல்லுக்கு இது இன்னும் தேவை.

ஆனால் நம்மூர்ப் பூங்காக்களின் அமைப்பைப் பாருங்கள். சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்துகிறோம். பூங்காவையும் மண் கொட்டி மேடாக்குகிறோம். சுற்றிலும் கைப்பிடிச் சுவர், உள்ளே பேவர் பிளாக் நடைபாதை. மூலையில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஒன்று. அதன் மூடியை அடைத்துக்கொண்டு சருகும் பாலித்தீன் பையும். வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் உள்ளே வர வழி கிடையாது.

கோளாறு நிதித் தலைப்பிலேயே தொடங்குகிறது. 2015இல் வந்த மத்திய அரசின் அம்ருத் நகர்ப்புறத் திட்டத்தில் திண்டுக்கல்லும் இருந்தது. அதில் மழைநீர் வடிகால் ஓர் இனம். பூங்கா வேறோர் இனம், அதற்குத் திட்ட ஒதுக்கீட்டில் அதிகபட்சம் 2.5 சதவீதம். எஸ்டிமேட் இரண்டானால் இரண்டின் மட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது யார்? போதாக்குறைக்கு, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தெரு வாய்க்கால் மாநகராட்சியிடம், நீர் போய்ச் சேரும் குளம் நீர்வளத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கும்.

சிங்கப்பூரில் பீஷான் – அங் மோ கியோ பூங்காவை ஒட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்துடையது. இரண்டும் சேர்ந்து ஒரே வேலையாக எடுத்ததால்தான் முடிந்தது. அங்கே 62 ஹெக்டேர் இடம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நம்முடையவை பெரும்பாலும் மனைப்பிரிவில் ஒதுக்கிய துண்டு நிலங்கள்.

திண்டுக்கல்லுக்கே உரிய தொல்லை மண்ணுக்கடியில் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகள் இங்கே உண்டு. அடியில் கடினப் பாறை. மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் இறங்கும். எனவே எல்லாப் பூங்காவிலும் உறிஞ்சுகுழி என்ற ஒரே உத்தரவு இங்கே செல்லாது. சாக்கடை கலந்த தெருநீரை நேரே குழிக்குள் விட்டால் பக்கத்து வீட்டு போர்வெல்தான் கெடும். பாறைப்பாங்கான இடத்தில் பூங்கா சில மணி நேரம் தேக்கிவைத்து, வண்டல் படிந்தபின் குளத்து வரத்து வாய்க்காலுக்கு விட்டாலே பெரிய உதவி.

இதற்கு வேண்டியது ஒரே எஸ்டிமேட். அதில் பள்ளம் வெட்டும் செலவோடு, ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் வண்டல் அள்ளும் செலவும், அள்ள வேண்டிய துறையின் பெயரும் இருக்க வேண்டும்.