சிறுவாட்டுக் கோழியும் ஜெனிவா தீர்ப்பும்

பெண்கள் வீட்டு ஆண்களின் கைக்குப் போகாமல் சேர்த்துவைக்கும் காசுக்கு எங்கள் பக்கத்தில் சிறுவாடு என்று பெயர். என் அம்மாயியின் சிறுவாடு கோழியிலிருந்து வந்தது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். நிலம் அப்பிச்சி பேரில். எருமையை விற்பதென்றாலும் அவரைக் கேட்டாக வேண்டும். பஞ்சாரத்துக் கோழியை விற்க மட்டும் அம்மாயி யாரையும் கேட்டதில்லை. என் அம்மாவின் பள்ளிக்கூடப் புத்தகமும் காதுத் தோடும் அந்தக் காசில் வந்தவை.

அந்தப் பஞ்சாரத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பை வாசிக்கலாம். பறவைக்காய்ச்சலைக் காரணம் காட்டி, 2007 முதல் இந்தியா அமெரிக்கக் கோழி இறைச்சியைத் தடுத்துவந்தது. 2012 மார்ச்சில் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2014 அக்டோபரில் விசாரணைக் குழுவும், 2015 ஜூனில் மேல்முறையீட்டு அமர்வும் இந்தியாவுக்கு எதிராக முடிவு சொல்லின. மறு ஆண்டு, ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க அனுமதி வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது.

வழக்கின் மையத்தில் இருந்தது லெக் பீஸ். அமெரிக்கர்கள் நெஞ்சுக்கறியை விரும்பி, நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். கோழிக்கு நெஞ்சு மட்டும் வளர்வதில்லை, காலும் வளர்கிறது. வளர்த்த செலவில் பெரும்பகுதி நெஞ்சுக்கறியிலேயே வந்துவிடுவதால், மிச்சமான கால்களைக் குறைந்த விலைக்கு வெளிநாட்டுக்குத் தள்ளிவிட முடிகிறது. பணக்கார நாட்டின் தட்டில் ஒதுக்கப்பட்டது ஏழை நாட்டின் சந்தையில் மலிவு விலைச் சரக்காக இறங்குகிறது.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். உறைந்த இறைச்சியின் வரத்தால் கானாவின் உள்ளூர்க் கோழிப்பண்ணைகள் நொடித்தன. 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்த்தியது. சர்வதேச நிதியத்தின் நெருக்குதலுக்குப் பிறகு அந்த உயர்வு கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா, தனக்குக் கிடைத்துவந்த அமெரிக்க வர்த்தகச் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள, ஆண்டுக்கு 65,000 டன் அமெரிக்கக் கோழியை உள்ளே விட 2015இல் ஒப்புக்கொண்டது. ஆகவே 100 விழுக்காடு வரி என்ற இந்தியாவின் தடுப்புச் சுவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தீர்ப்பை நேர்மையாகப் படித்தால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வீரியம் குறைந்த பறவைக்காய்ச்சல் அமெரிக்காவில் எங்கே தென்பட்டாலும் அந்த நாடு முழுவதற்கும் கதவை அடைத்த இந்தியா, அதே கிருமி தன் பண்ணைகளில் இருக்கிறதா என்று முறையாகக் கண்காணிக்கவில்லை. ஆபத்தை அறிவியல்படி மதிப்பிட்டுக் காட்டவும் இல்லை. தீர்ப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது. உழவரைக் காக்க வேண்டும் என்ற நியாயத்தை நேராகச் சொல்லாமல் நோய் என்ற சாக்கைச் சொன்னோம். சாக்கு உடைந்ததும் நியாயமும் சேர்ந்து தோற்றது.

நியாயத்தை நேராகச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: நீங்கள் காக்கும் உழவர் யார்? ஜெனிவாவில் அதை யாரும் கேட்கவில்லை. அங்கே பேச்செல்லாம் சரக்கு, எல்லை, கிருமி பற்றியது. நம் பக்கமும் கேட்கவில்லை. 'நமது கோழித்தொழில்' என்ற ஒரே சொல்லில் கம்பெனி முதலாளியும், ஒப்பந்தப் பண்ணைக்காரரும், கொட்டகையில் குஞ்சு பார்க்கும் பெண்ணும் ஒன்றாகிவிட்டார்கள்.

நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். ஆனால் சேலம், நாமக்கல் கிராமங்களில் கறிக்கோழிக் கொட்டகைகளும் உண்டு. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, மின்சாரம், தண்ணீர், உழைப்பு குடும்பத்துடையவை. நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. குஞ்சு வந்த முதல் வாரம் இரவு முழுக்க விளக்குச் சூட்டைக் கவனிப்பதும், செத்ததைப் பொறுக்குவதும், தண்ணீர் மாற்றுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து பட்டா வைத்திருக்கும் ஆணுடையது. கூலி அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அம்மாயி காலத்தில் கோழிக் காசு பெண்ணுடையது. கோழி 'தொழில்' ஆனதும் வேலை மட்டும் பெண்ணிடம் தங்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பண்ணைகளில் காப் என்று சொல்லும் கறிக்கோழி இனத்தின் மூல வம்சம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து நிறுவனம் ஒன்றினுடையது. அந்த நிறுவனம் டைசனுக்குச் சொந்தம். டைசன் கோழி இறைச்சி ஏற்றுமதியில் அமெரிக்காவின் பெரிய பெயர்களில் ஒன்று. காலை எல்லையில் நிறுத்தினோம், வம்சம் எப்போதோ உள்ளே வந்துவிட்டது. நாட்டுக்கோழி வைத்திருந்த பெண்ணுக்கு அடுத்த ஈட்டுக் குஞ்சு அவள் வீட்டு அடைக்கோழியிடமிருந்தே கிடைத்தது. இன்றைய கொட்டகைக்குக் கம்பெனி வண்டி வந்தால்தான் குஞ்சு. பணக்கார நாடு ஏழை நாட்டிடம் 'விலை என்னுடையது, நட்டம் உன்னுடையது' என்கிறது. அதையேதான் கம்பெனி கொட்டகைக்காரரிடமும், குடும்பம் பெண்ணிடமும் சொல்கின்றன.

2023 செப்டம்பரில், ஜி20 மாநாட்டையொட்டி, இரு அரசுகளும் பேசி வழக்கை முடித்துக்கொண்டன. உறைந்த வான்கோழி, வாத்து, சில பழவகைகளுக்கு இந்தியா வரியைக் குறைத்தது. அந்தப் பட்டியலில் கோழிக்கால் இல்லை, நிம்மதிதான். ஆனால் எதை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பது என்று முடிவான அறையில் கொட்டகைப் பெண்ணுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

வல்லரசுகளின் வர்த்தகத்தை எதிர்ப்பதா, வீட்டுக்குள் கூலி கேட்பதா என்று பெண்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பழைய தந்திரம். முதலில் நாடு, பிறகு நீ என்பார்கள்; அந்தப் பிறகு வருவதில்லை. சுங்கவரி இருக்கட்டும். அது காக்கும் ஒவ்வொரு கொட்டகையின் ஒப்பந்தத்திலும் அங்கே வேலை செய்யும் பெண்ணின் பெயரும் இருக்கட்டும், கூலி அவள் கணக்கிலும் ஏறட்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்போம். அம்மாயி கோழியை விற்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தான் வளர்த்த கோழிக்குக் கூலி எவ்வளவு என்று அவர் பேத்தி இன்று கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.