இறங்கத் தெரியாத மாதிரி ரயில்கள்

மாதிரி ரயில் அமைப்புகளில் மலைப்பாதை வைப்பது இப்போது ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு மேசைகள். அடுக்குகளை இணைக்க ஒரு சுருள்பாதை. முகப்பில் ஒரு பாலமும் சுரங்கமும். ஏற்றம் ஏன் இத்தனை செங்குத்தாக இருக்கிறது என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனைச் சுருக்குகிறோம், தூரத்தைச் சுருக்குகிறோம், வண்டியில் பெட்டிகளைக் குறைக்கிறோம். ஏற்றத்தை மட்டும் ஏன் அப்படியே வைக்க வேண்டும்? கேட்பவர் வாயை அடைத்துவிடும் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு பிழை இருக்கிறது.

தூரம் சுருங்கும். ஏற்றம் ஒரு விகிதம், அது சுருங்காது. 37 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஏறுவதும், 37 செ.மீ. தூரத்தில் ஒரு செ.மீ. ஏறுவதும் ஒரே சரிவுதான். அந்த 1-க்கு 37, மும்பை – புனே வழியில் கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் நடுவே உள்ள போர்காட் மலைப்பாதையின் ஏற்றம். நாட்டின் அகலப் பாதைகளில் மிகச் செங்குத்தானவற்றில் அதுவும் ஒன்று. சதவீதக் கணக்கில் 2.7. மாதிரி ரயில்காரர்களுக்காகக் கடைகளில் தயாராக விற்கும் நுரைப்பலகைச் சரிவுகள் 2, 3, 4 சதவீதம் என்று வருகின்றன. நான்கு சதவீதத்தை வாங்கி ஒட்டுகிறவர் போர்காட்டை விடச் செங்குத்தான ஒரு மலையைத் தன் அறைக்குள் கட்டுகிறார். அதன்மேல் ஒற்றை இன்ஜின், பின்னால் தள்ள யாருமின்றி, சமதளத்தில் ஓடிய அதே வேகத்தில் ஏறிப்போகிறது.

ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாததல்ல. 1:87 அளவில் ஒரு பாதை மற்றொன்றைத் தாண்டிப் போக ஏறத்தாழ 9 செ.மீ. உயரம் வேண்டும். போர்காட் சரிவில் அந்த உயரத்தை எட்ட மூன்றேகால் மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நான்கு சதவீதத்தில் இரண்டேகால் மீட்டர் போதும். நம் வீட்டு அறைகளில் அந்த ஒரு மீட்டர் பெரிய விஷயம். போர்காட்டையே அளவு மாறாமல் கட்டுவதென்றால் கர்ஜத்திலிருந்து லோனாவ்லா வரையிலான 28 கி.மீ. 320 மீட்டர் நீளத்துக்கு வரும். யாராலும் முடியாது. உயரம் கண்ணுக்கு அழகு, மேலும் கீழுமாக இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஓடும் காட்சிக்கு மயங்காதவர் இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஏற்றம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பாதையை மெல்ல வளைக்காமல் முறித்துவிடுவதால் கொக்கி கழன்றுகொள்வது போன்ற தொல்லைகளும் பழகப் பழகச் சரியாகிவிடும்.

என் மறுப்பு வேறு. இந்த மலைகளில் ஏற்றம் மட்டும்தான் இருக்கிறது, இறக்கம் இல்லை.

1-க்கு 37 சரிவில் ஒவ்வொரு டன் எடையையும் புவியீர்ப்பு 27 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. 1,000 டன் வண்டி என்றால் 27 டன். மேலே போகும்போது அதை வெல்வதற்குத்தான் கர்ஜத்தில் வண்டியை நிறுத்திப் பின்னால் பேங்கர் இன்ஜின்களைக் கோக்கிறார்கள். புனே வழியாக மும்பை போய்த் திரும்பிய தமிழர்கள் அந்த நிறுத்தத்தில் வடாபாவ் வாங்கியிருப்பார்கள். அதே 27 டன் கீழே வரும்போதும் ஒரு கணம்கூட ஓய்வதில்லை. அப்போது அதை வெல்ல இன்ஜினின் வலு உதவாது. பிரேக்கில் தேய்த்து வெப்பமாக்க வேண்டும், அல்லது மோட்டார்களை ஜெனரேட்டராகத் திருப்பி மின்சாரமாக்க வேண்டும். ஏற்றத்தில் வலு போதாவிட்டால் வண்டி நின்றுவிடும். பயணிகள் அலுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் போதாவிட்டால் வண்டி நிற்காது.

மலைப்பாதையின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு அச்சத்திலிருந்து பிறந்தது. போர்காட்டில் கேட்ச் சைடிங் இருப்பது இதற்காகத்தான். பிரதான பாதையிலிருந்து பிரிந்து மேட்டில் ஏறி முடியும் மொட்டைப் பாதை அது. பாதையை மாற்றிவிடும் பாயிண்ட் எப்போதும் அந்த மொட்டைப் பாதையை நோக்கியே கிடக்கும். இறங்கி வரும் வண்டி கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகே பிரதான பாதைக்கு மாறும். அதாவது வண்டி கைமீறிவிட்டது என்பதுதான் அங்கே அடிப்படை அனுமானம். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு லோகோ பைலட்டுடையது. நம் நீலகிரி ரயிலைப் பாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை 1-க்கு 12 அளவுக்கு ஏறும் அந்தப் பற்சட்டப் பாதையில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதுவும் போதாதென்று பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன். தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பலரும் ஏறுவதற்கான ஏற்பாடு என்றே நினைக்கிறார்கள். இறங்கும்போது பிடித்து நிறுத்துவதும் அதே பற்கள்தான்.

மாதிரி ரயிலில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. மோட்டார் தண்டில் திருகு மரை போன்ற ஒரு வார்ம் கியர்; அது சக்கரத்தின் பற்சக்கரத்தைச் சுழற்றும். பொதுவாக மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்ற முடியும், சக்கரத்தால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. கரண்டை நிறுத்தினால் எந்தச் சரிவிலும் வண்டி ஆணியடித்ததுபோல் நிற்கும். பெட்டிகள் எவ்வளவு முட்டித் தள்ளினாலும் இன்ஜின் தன் கணக்குப்படிதான் போகும். இன்று ஓட்டுபவருக்கு இறக்கத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஏறும்போது வைத்த அதே வேகக் குமிழில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

ஒரே ஓர் இடத்தில் இறக்கம் தன்னைக் காட்டிக்கொள்ளப் பார்க்கும். வார்ம் தண்டின் முனையில் மயிரிழை இடைவெளி இருந்தால், இறங்கும்போது பெட்டிகளின் எடை தண்டை முன்னுக்குத் தள்ள, மோட்டார் அதைத் திரும்ப இழுக்க, இன்ஜின் விக்கி விக்கிப் போகும். ஏறும்போது இந்த விக்கல் வராது. இன்று புவியீர்ப்பு அந்தச் சின்ன இயந்திரத்தைத் தொட்டுப் பேசும் ஒரே தருணம் அது. நாம் என்ன செய்கிறோம்? இன்ஜினைத் திறந்து, தண்டில் ஒரு மெல்லிய வாஷரைச் செருகி அதையும் அடக்கிவிடுகிறோம். இடைவெளியை அப்படியே விடச் சொல்லவில்லை; அது பற்களைத் தின்றுவிடும். ஆனால் மலைப்பாதை என்று பெயர் வைத்த அமைப்பில் சரிவின் ஒரே அடையாளம் ஒரு பழுதாக மட்டுமே தெரிகிறது என்பது என்னை உறுத்துகிறது.

டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தபிறகு நிலைமை மோசமாகியிருக்கிறது. இன்ஜினுக்குள் பொருத்தும் இன்றைய டீகோடர் சில்லுகள் மோட்டாரின் எதிர் மின்னழுத்தத்தை அளந்து, மேடானாலும் பள்ளமானாலும் வேகம் மாறாமல் பார்த்துக்கொள்கின்றன. இதைப் பெரிய முன்னேற்றம் என்கிறார்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்ட அது முன்னேற்றமேதான். ஆனால் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றத்தில் வண்டி திணறும், இறக்கத்தில் சற்றே வேகமெடுக்கும். குமிழை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திணறலையும் வேகத்தையும் சேர்த்தே அழித்துவிட்டோம். மிச்சமிருந்த வழுக்கலையும் சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டும், பாதைக்கடியில் இரும்புத் தகடும் இன்ஜினுக்கடியில் காந்தமும் வைத்தும் போக்கிவிட்டோம். இத்தனைக்கும் பிறகு அந்தச் சரிவு, பாதை ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரத்துக்குப் போகும் வழி மட்டுமே. அதற்கு மலையும் வேண்டாம், சுரங்கமும் வேண்டாம்.

இதைச் சரியாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். கலிஃபோர்னியாவின் டெஹாச்சப்பி கணவாயை சான் டியேகோ மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில் 1:87 அளவில் கட்டியிருக்கிறார்கள். அசல் டெஹாச்சப்பி வளையத்தின் நீளம் 3,779 அடி, ஏறும் உயரம் 77 அடி. அதாவது 2 சதவீதம். அதை அளவு மாறாமல் கட்டினால்கூட 13 மீட்டர் பாதையில் 27 செ.மீ. உயரம்தான். அங்கே நீண்ட சரக்கு வண்டிக்கு உதவி இன்ஜின் சேர்ப்பதும் ஓட்டத்தின் பகுதி. இடமும் ஆட்களும் உள்ள பெரிய கழகத்தின் வேலை அது, வீட்டில் நடக்காது என்பார்கள். இடத்தைப் பற்றி மட்டும் அது உண்மை. ஓட்டும் முறைக்கு இடம் தேவையில்லை.

சுருள்பாதைக்குச் செலவழிக்கும் பலகையில் பாதியைக்கூட நான் கேட்கவில்லை. ஏற்றம் 1-க்கு 37-ஐத் தாண்ட வேண்டாம்; உயரம் போதாவிட்டால் ஓர் அடுக்கைக் குறைத்துக்கொள்ளட்டும். உச்சியில் ஒரு பிரேக் சோதனை நிறுத்தம். டீகோடரில் உந்த அளவைக் கூட்டி, பிரேக்கைத் தனிப் பொத்தானுக்கு மாற்றினால், குமிழைத் திருப்பியதும் வண்டி நின்றுவிடாது. எப்போது பிரேக் பிடிப்பது என்று ஓட்டுபவர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். இறக்கத்தின் நடுவே முப்பது செ.மீ. நீளத்தில் ஒரு கேட்ச் சைடிங், முனையில் கொஞ்சம் மணல். பாயிண்ட் அதன் பக்கமே கிடக்கட்டும். அதற்கு முந்தைய தண்டவாளத் துண்டில் வண்டி சில நொடி நின்றால் மட்டும் பிரதான பாதைக்கு மாறும்படி ஒரு சென்சார் போதும். ஒரு பாயிண்ட் மோட்டார், ஒரு சென்சார், ஒரு மாலை நேர வயரிங். நிற்காமல் வருகிறவரின் இன்ஜின் மணலில் ஏறட்டும்.