சான்றிதழும் சாட்சியும்

சென்னையில் தெருவோரமாக உட்கார்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. எண்பதுகளின் தொடக்கத்தில் தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. இந்துவாக இருந்த ஆதிதிராவிடத் தொழிலாளிக்குக் கடை உண்டு. சூசையும் ஆதிதிராவிடர்தான், ஆனால் கிறித்தவர், எனவே இல்லை என்றார்கள். அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் போதாது. புதிய மதத்துக்குள்ளும் அந்த இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சூசையின் மனு தள்ளுபடியானது.

ஆதாரம் கொண்டுவா என்றது நீதிமன்றம். ஏழு வருஷம் கழித்து, 1992இல், மதுரையிலிருந்து ஓர் ஆதாரம் வெளியானது: பாமாவின் ‘கருக்கு’. இன்னும் பத்து வருஷம் கழித்து, 2002இல், ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ வந்தது. தங்கையும் அண்ணனும் எழுதியவை. ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே கோயில் மணி. இரண்டும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. நம் கைக்குத்தான் வந்தன. நாம் என்ன செய்தோம்? தலித் தன்வரலாறு என்று ஒரு பெட்டியில் போட்டு மூடி, மேலே சீட்டு ஒட்டினோம். நான் எம்.ஏ. படித்தபோது ‘கருக்கு’ பாடத்தில் இருந்தது. பேச்சுமொழி பற்றி, வடிவ மீறல் பற்றி, பெண் தன்னிலை பற்றிக் கேள்வி வரும். எழுதினால் மதிப்பெண் வரும். அந்தக் கதைசொல்லி முதலில் எதற்காக முழங்கால் போட்டார், பிறகு ஏன் எழுந்து வெளியே நடந்தார் என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதைத்தான் இங்கே கேட்க நினைக்கிறேன். இந்த இரண்டு பிரதிகளும் விசுவாசம் பற்றியவை. விசுவாசத்தைக் கோயிலுக்குள் அல்லாமல் நாட்டு நடப்புக்குள், தாலுகா ஆபீசுக்குள், கல்லறைத் தோட்டத்துக்குள் வைத்து வாழ்ந்து பார்ப்பதென்றால் என்ன என்று கேட்பவை.

கிறித்தவத் தமிழில் ‘சாட்சி’ என்றொரு சொல் உண்டு. சபைகளில் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். கத்தோலிக்கர் விசுவாசத்துக்காக உயிர் விட்டவரை வேதசாட்சி என்பார்கள். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் சாட்சிதான். எங்கள் வீட்டில் அம்மா ஆர்.சி., சித்தி பெந்தெகொஸ்தே. மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததற்குச் சித்தி சபையில் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். போன ஊரில் வாடகைக்கு வீடு கேட்டபோது, வாசலில் வசனம் எழுதிப் போட்டிருந்த வீட்டுக்காரர், “தம்பி, நீங்க என்ன ஆளுக?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சித்தி சொல்லல என்றேன். “அதெல்லாம் சாட்சியாடா?” என்றாள். இந்தக் கேள்வியில் ஒரு முழு இறையியல் இருக்கிறது. சீக்கு தீர்ந்தது சாட்சி, கடன் அடைந்தது சாட்சி, சாதி கேட்டது சாட்சி இல்லை. எது சாட்சி, எது வெறும் வீட்டுப் பேச்சு என்று பிரித்துக் கொடுக்கிற அதிகாரம் பிரசங்கப் பீடத்தின் கையில் இருக்கிறது.

‘கருக்கு’ அந்தப் பிரிப்பை உடைக்கிறது. தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். பனை மட்டையின் அறுக்கும் விளிம்பு கருக்கு. பழைய தமிழ் வேதாகமத்தில் எபிரேயருக்கு எழுதின நிருபத்தில் தேவ வார்த்தையை ஒரு வாளோடு ஒப்பிடும் இடத்திலும் இதே சொல் வருகிறது. விறகுக்காகப் பனை மட்டை பொறுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட பிள்ளையின் சொல்லும் வேதத்தின் சொல்லும் ஒன்றுதான். சாமியாரின் செபத்தமிழ் ஒன்று, தெருவின் தமிழ் வேறு என்று நாம் பழக்கப்பட்டிருந்தோம். பாமா தெருத்தமிழிலேயே முழுப் புத்தகத்தையும் எழுதியதை நடை உத்தியாகவே பேசிக்கொண்டிருந்தோம். அது உத்தி மட்டுமில்லை. கடவுளிடம் எந்த மொழியில் பேசலாம் என்கிற சண்டை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் இதே சண்டைதான்.

‘கருக்கு’ சொல்லும் கல்லறைத் தகராறை நினைத்துப் பாருங்கள். சாலியருக்கும் பறையருக்கும் சண்டை, போலீஸ் தெருவுக்குள் புகுந்து அடிக்கிறது, ஆம்பளைகள் ஓடி ஒளிகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் செத்துப்போகிறான். அவனுடைய அப்பன் சேலை கட்டிக்கொண்டு, பொம்பளைகளோடு பொம்பளையாக வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறான். அடக்கம் செய்யும் சடங்கில் உயிர்த்தெழுதல் பற்றி எவ்வளவோ செபம் உண்டு. பெற்றவன் வேஷம் போட்டால்தான் பிள்ளையைப் புதைக்க வரமுடியும் என்கிற நிலைமையைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அந்த வரியைத்தான் பாமா எழுதுகிறார்.

அடுத்தது மடம். ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும் என்று கன்னியர் மடத்தில் சேருகிறார். உள்ளே போனால் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், பெருக்கித் துடைக்கிற வேலைக்குத் தன் சாதிச் சனம். மடத்தில் எடுக்கிற வார்த்தைப்பாடுகளில் ஒன்று ஏழ்மை. அந்த வார்த்தைப்பாடு எடுத்த இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது, பாதுகாப்பு இருக்கிறது, ஏழ்மையைத்தான் காணோம். வெளியே வந்த பிறகுதான் வேலை இல்லாமல், கையில் காசு இல்லாமல், நாளைக்கு என்ன என்று தெரியாமல் நிற்கிறார். என் வாசிப்பில் அவர் வார்த்தைப்பாட்டை நிறைவேற்றியது மடத்தைவிட்டு வந்த அன்றைக்குத்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வட்டாரத்து முற்போக்கு விமர்சனம் ‘கருக்கு’க்குள் இருக்கிற கடவுளைத் தாண்டிக் குதித்தே வாசித்தது. மதத்தை உதறிய பெண் என்று அதற்கு ஒரு சித்திரம் வேண்டியிருந்தது. திருச்சபை வாசகர்களோ, மடத்து நிர்வாகத்தின்மேல் வந்த புகார்க் கடிதம் மாதிரி அதைப் படித்தார்கள். இரண்டு தரப்புக்கும் விசுவாசம் என்பது நிறுவனத்தின் சொத்து. அதனால் நிறுவனத்தைவிட்டு வந்தவளிடம் விசுவாசம் இருக்க முடியாது. பிரதியில் இருப்பதோ நேர் எதிர். ஏழைகளின் பக்கம் நிற்கிற இயேசுவை மடத்துக்கு எதிரான சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டு வெளியே வருகிறார் பாமா.

அண்ணன் காட்டுகிற வழி இன்னும் சங்கடமானது. ‘சிலுவைராஜ் சரித்திரம்’ தன்னையே எள்ளி நகையாடுகிற நாவல். பூசை, மந்திரம், சாமியார் பள்ளிக்கூடம், விடுதி, கல்லூரி என்று கிறித்தவம் வளர்த்துவிட்ட பிள்ளை சிலுவை. படிப்பு முடிகிறது, வேலை கிடைக்கவில்லை. தெருவில் அவன் பறையன், தாலுகா ஆபீஸ் காகிதத்தில் மட்டும் பறையன் இல்லை. கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். பெயரிலேயே சிலுவையைச் சுமந்தவன் சிலுவையை இறக்கி வைக்கிறான். அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. ஒரு காகிதம் கைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இந்தக் காகிதத்தின் வரலாறு 1950 ஆகஸ்டில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரையும் அட்டவணைச் சாதியாகக் கொள்ளக்கூடாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. மதத்தையும் அட்டவணைச் சாதித் தகுதியையும் பிரித்துவிடச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் அமைக்கப்பட்ட ஆணையத்துக்குக் கெடு நீட்டிக்கப்பட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லி அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்டதை மறுத்தது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது.

இங்கேதான் சிலுவைராஜை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. அவன் சொன்னது பொய்யா? ‘நான் இந்து’ என்பது பொய். ‘நான் பறையன்’ என்பது உண்மை. அந்த உண்மையைப் பதிவு செய்ய இந்தப் பொய்யை விலையாகக் கேட்கிறது அரசு. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் நீதிமன்றத்திடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: ஒருவனுடைய கடவுளைப் பற்றி விசாரிக்கும் வேலையை உங்களிடம் கொடுத்தது யார்? மதமாற்றத்துக்கு எதிராகப் பேசாத நாள் இல்லை. 1950 ஆணை வழியாக அரசே எழுபத்தைந்து வருஷமாக நடத்திவரும் மதமாற்றம் யார் கண்ணிலும் படவில்லை.

சிலுவையை மறுதலித்தவன் என்று திருச்சபை சொல்லுமானால் ஒன்றை ஞாபகப்படுத்தலாம். குளிர்காயும் நெருப்புப் பக்கத்தில், ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து, மூன்று தரம் தெரியாது என்றவன்மேல்தான் திருச்சபை கட்டப்பட்டது. பேதுரு உயிருக்குப் பயந்து சொன்னான், சிலுவை சோற்றுக்காகச் சொன்னான்.

ஆனால் சிலுவைக்காக அரசிடம் வழக்காடும் திருச்சபை எந்த இடத்தில் நின்று வழக்காடுகிறது? 1985 தீர்ப்பு கேட்டது, கிறித்தவத்துக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை. அந்த ஆதாரம் வேறு எங்கேயும் இல்லை, திருச்சபையின் சொந்த வளாகத்தில்தான் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பிரித்த சுவர் அந்த ஆதாரம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதும், வன்னியக் கத்தோலிக்கரோடு மோதல் முற்றி 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்ததும் ஆதாரம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 மே மாதம் ரோமில் தேவசகாயம் புனிதராக்கப்பட்டார். 1752இல் கொல்லப்பட்ட வேதசாட்சி, எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர். அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வாடிகன் எடுத்துவிட்டது. நல்ல காரியம். புனிதரின் பெயரிலிருந்து சாதியை எடுக்க ஒரு கையெழுத்து போதும். கல்லறையிலிருந்து எடுக்கக் கடப்பாரை வேண்டும்.

ஆகவே திருச்சபைக்கு ஒரு வினோதமான நெருக்கடி. அரசிடம் நீதி கேட்க வேண்டுமானால் அது முதலில் தன் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். வழக்கின் சாட்சியம் பாவசங்கீர்த்தனமாகத்தான் இருக்க முடியும். எந்த ஆணையத்தின் முன்னாலும் ஆயர்கள் மனுவோடு மட்டும் போனால் போதாது. எந்தத் தெருவுக்குச் சப்பரம் போகவில்லை, எந்தப் பிணம் எந்த வாசல் வழியாக வந்தது, குருமடத்தில் யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்கிற கணக்கையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதோடும் முடியாது. பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்குச் சாமியார் அபராதம் கொடுப்பார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்த பிள்ளைக்கும் தெரியும். ஒப்புக்கொண்டு ஆவணம் அச்சடிப்பதோடு நின்றால் அது பாதிச் சடங்கு.

இப்படிப் பேசினால் எதிரிக்கு வசதியாகிவிடாதா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். ‘அங்கேயும் சாதிதானே, தாய்மதம் திரும்பி வா’ என்பார்களே என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. கோயில்கள் தாக்கப்படும் காலத்தில் அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் சுவரை நாம் மறைப்பதால் சுவர் இல்லாமல் போய்விடவில்லை. மறைத்த உண்மையை எதிரி எடுத்துச் சொல்லும்போது அது அவனுடைய ஆயுதமாகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவனின் பிள்ளை எடுத்துச் சொல்லும்போது அது சாட்சியாகிறது.

எழுதுகிற நமக்கும் இதில் வேலை இருக்கிறது. சாட்சியத்தை இலக்கிய வகையாக்கி, பாடமாக்கி, வினாவாக்கி, அதன் கருக்கை மழுங்கடித்த பங்கு நம்முடையது. ‘கருக்கு’ம் ‘சிலுவைராஜ் சரித்திர’மும் நூலகத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு வழக்குக் கட்டுகளிலும் இருக்க வேண்டியவை. பங்குப் பேரவைக் கூட்டங்களில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டியவை. சேலை கட்டிக்கொண்டு பிள்ளையைப் புதைக்க வந்த அப்பனை எந்தச் சபையிலும் யாரும் எழுந்து நின்று சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை.

போன மாசம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வாடகை வீட்டுக் கதையை மறுபடி எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத எந்திரிச்சுச் சொன்னா பாஸ்டர் என்னடா சொல்லுவாரு?” என்று கேட்டாள். தெரியல சித்தி, சொல்லிப் பாரு என்றேன்.