இசைத்தட்டிலும் பாடபேதம்

வயலின் வாசிக்கிற நான் பழைய சாஃப்ட் ராக் இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவதைச் சிலர் வெறும் பழமை மோகம் என்பார்கள். எனக்கோ அது பாடபேத ஆராய்ச்சி.

கார்ப்பென்டர்ஸின் 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' 1972இல் 'எ சாங் ஃபார் யூ' ஆல்பத்தில் வந்தது. தாம் பாடியதில் நிறைவில்லாத கேரன், 1973இல் தனித்தட்டுக்காக மறுபடி பாடினார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அவ்வாண்டே வெளியான 'தி சிங்கிள்ஸ்' தொகுப்பிலும் அதுவே ஏறியது. தொகுப்பை மட்டும் கேட்டவருக்கு முதல் குரல் தெரியவே தெரியாது.

இரண்டாவதுதான் உசத்தி, சந்தேகமில்லை. ஆனால் கலைஞர் எதைத் திருத்தினார் என்பது முதல் தட்டைக் கேட்டால்தானே புரியும்? கேரன் 1983இல், 32 வயதில் மறைந்தார். இனி அவர் திருத்திப் பாடப்போவதில்லை. இருக்கிற சான்றையாவது காப்பாற்ற வேண்டாமா? சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சா.வைக் கொண்டாடும் நாம், தட்டு சேர்ப்பவனைப் பைத்தியம்னு சொல்லலாமா?